திருகோணமலையில் தண்ணீரும் காடும்: எந்தக் கந்தோருக்குப் போவது, எப்போது போவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தம்பலகாமத்தில் எங்கள் கமக்காரர் அமைப்பின் கடிதங்களைச் சில வருடங்களாக நான் எழுதி வருகிறேன். வயலுக்குத் தண்ணீர் வராதவர், கிணறு உவர்த்துப் போனவர், சொந்தக் காணிக்குள் எல்லைக்கல்லைக் கண்டு திகைத்துப் போனவர் என்று பலரும் வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நம் மாவட்டத்தில் தண்ணீருக்கும் காட்டுக்கும் திட்டம் போடும் கந்தோர்கள் பல. எந்தக் கதவை, எந்த மாதத்தில் தட்டுவது என்று தெரியாததால்தான் நம் சனங்கள் அதிகம் இழக்கிறார்கள்.

எங்கள் குளத்தில் துருசு (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு) பழுதாகிவிட்டது. யாரிடம் சொல்ல வேண்டும்?

அந்தக் குளம் எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். 80 ஹெக்டயர், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் வரை பாயும் சிறு குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியது. உங்கள் கமநல சேவை நிலையத்தில் தொடங்குங்கள். அதைவிடப் பெரியதாக இருந்து, ஆறும் வயலும் முழுக்க நம் மாகாணத்துக்குள்ளேயே அடங்கினால் பெரும்பாலும் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம். ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களைக் கடந்து வரும் ஆற்றின் தண்ணீர் என்றால் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களம். கந்தளாய்க் குளமும் அல்லை நீர்ப்பாசனத் திட்டமும் இந்த வகையைச் சேர்ந்தவை. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் நீர்ப்பாசனத்தை மாகாணங்களுக்குக் கொடுத்தபோது, மாகாண எல்லை தாண்டும் ஆறுகள் மத்தியிலேயே இருந்துவிட்டன.

இந்தப் பிரிவு தெரியாததால் வந்த ஒரு கஷ்டத்தைச் சொல்கிறேன். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குளம். துருசுக் கதவைத் தூக்கி இறக்கும் இரும்புத்தண்டு துருப்பிடித்து முறிந்துவிட்டது. கதவு பாதி திறந்தபடி நிற்க, பெரும்போகத்துக்குச் சேர்த்த தண்ணீர் இரவு பகலாக ஓடுகிறது. சாக்கில் களிமண்ணை நிரப்பி, இரண்டு பெடியன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி, காலால் மிதித்து மிதித்து ஓட்டையை அடைத்தார்கள். நான் ஒரு கந்தோருக்குக் கடிதம் எழுதினேன். "இது எங்களுடையது அல்ல" என்று இன்னொரு கந்தோருக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே பதில். மூன்றாவது இடத்தில்தான் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் பழைய பதிவேட்டைப் புரட்டி, குளத்தின் பெயரைக் கண்டுபிடித்துத் தந்தார். அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கும் எங்கள் வட்டவிதானை அன்றைக்கு என்னிடம், "தம்பி, முதல்ல குளத்துக்கு அப்பன் ஆரெண்டு கேள், பிறகு கடிதத்த எழுது" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீரைப் பங்கிடுவது யார்?

குளத்தைப் பராமரிப்பது நீர்ப்பாசனத் திணைக்களம். ஆனால் எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்பது திருகோணமலையில் மட்டும் முடிவாவதில்லை. கந்தளாய்க்குச் சொந்த நீரேந்து பரப்பு உண்டு. அதோடு, எலஹெரவில் மகாவலியின் துணையாறான அம்பன் கங்கையிலிருந்து திருப்பப்படும் தண்ணீர் மின்னேரியா, கவுடுல்ல வழியாகவும் இங்கே வருகிறது. மேலே மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018 இல் பாவனைக்கு வந்த பிறகு அந்தச் சங்கிலியில் இன்னுமொரு பெரிய கண்ணி சேர்ந்துவிட்டது.

மகாவலித் தண்ணீரைப் போகத்துக்குப் போகம் எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று பிரிப்பதற்கு மகாவலி அதிகாரசபையில் நீர் முகாமைத்துவச் செயலகம் இருக்கிறது. போகம் தொடங்குமுன் நீர்ப்பாசனம், மின்சாரம், விவசாயம் ஆகிய துறைகளின் அதிகாரிகள் கூடி, நீர்த்தேக்கங்களின் இருப்பைப் பார்த்து ஒரு திட்டம் போடுகிறார்கள். பொலன்னறுவைக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு என்பது அங்கே பேசப்படுகிறது. சங்கிலியின் கடைசியில் இருப்பது நாம். அதனால் மேலே மழை பிந்தினால் அதன் கடுமை நமக்குத்தான் முதலில் தெரியும். நம் மாவட்ட விவசாயக் குழுவில் பேசுகிறவர்கள் வாய்க்கால் துப்புரவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்து வராமல், இந்தப் பங்கீட்டையும் கேள்வியாக எழுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

குளத்தைக் கட்டியது யார் என்றும் கேட்பார்கள். குளக்கோட்டன் கட்டினான் என்பது நம் மரபு. சிங்கள வரலாற்று மரபு இரண்டாம் அக்போ மன்னனின் பெயரைச் சொல்கிறது. யார் கட்டியதோ, இன்றைக்கு அதில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் விதைக்கிறார்கள்.

ஆரம்பக் கூட்டம் என்பது என்ன? நான் போய் என்ன ஆகப்போகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால், அந்தக் குளத்தில் விதைக்கிற எல்லோரையும் அழைத்துக் கூட்டம் வைக்க வேண்டும். இதற்குச் சட்டப் பின்னணி உண்டு. பெரிய திட்டங்களுக்கு 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், சிறு குளங்களுக்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். பெரிய குளமென்றால் மாவட்டச் செயலாளரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்குவார். பொறியியலாளர் எழுந்து குளத்தில் எத்தனை ஏக்கர் அடி நிற்கிறது என்று சொல்வார். அதற்குப் பிறகுதான் விஷயமே தொடங்கும்: எத்தனை ஏக்கர் விதைப்பது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, முதல் தண்ணீர் எந்தத் திகதி, கடைசித் தண்ணீர் எந்தத் திகதி, வாய்க்கால் துப்புரவு எப்போது முடிய வேண்டும், மாடுகளை எந்த நாளுக்குள் வெளியேற்ற வேண்டும்.

அங்கே எடுக்கும் முடிவு சும்மா ஒரு பேச்சு அல்ல, வராதவரையும் கட்டும். "எனக்குத் தெரியாதே, நான் பட்டினத்தில் இருந்தேன்" என்று பிறகு சொன்னால் எடுபடாது. கடைசித் தண்ணீர்த் திகதிக்குப் பிறகு உங்கள் வயல் காய்ந்தால் யாரும் உங்களுக்காகத் துருசு திறக்கமாட்டார்கள்.

வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர்கள் கட்டாயம் போக வேண்டும். தலைவாய்க்காலுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு எந்தத் திகதியும் சரிதான், தண்ணீர் அவரைத் தாண்டித்தான் உங்களிடம் வர வேண்டும். கூட்டத்தில் கடைமடைக்காரர் யாரும் வாய் திறக்காவிட்டால், முறை வைத்துத் தண்ணீர் விடுவது பற்றிய பேச்சே வராமல் கூட்டம் முடிந்துவிடும். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பெண் கமக்காரர்களும் போங்கள். காணி உறுதியில் பேர் உங்களுடையதாக இருக்க, மச்சானையோ தம்பியையோ அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தால், உங்கள் வயலின் மேடு பள்ளம் அவருக்குத் தெரியாது.

போகும்போது ஒரு கொப்பி கொண்டுபோங்கள். திகதிகளை எழுதிக்கொள்ளுங்கள். கூட்டக் குறிப்பில் ஒரு பிரதியைக் கமக்காரர் அமைப்பின் செயலாளரிடம் கேளுங்கள்.

சிறுபோகத்தில் ஏன் பாதி வயலுக்குத்தான் தண்ணீர்?

நமக்கு மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடும். சிறுபோகம் முழுக்க முழுக்கக் குளத்தில் மிஞ்சியதை நம்பி நிற்கிறது.

ஏக்கர் அடி என்றால் என்னவென்று பலர் கேட்பதில்லை, கேட்க வெட்கப்படுகிறார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், அவ்வளவுதான். அது ஏறக்குறைய 1,233 கன மீற்றர், குழாய்த்தண்ணீர் பில்லில் வரும் யூனிட்டில் சொன்னால் 1,233 யூனிட். மாதம் 15 யூனிட் பாவிக்கும் ஒரு வீட்டுக்கு அது ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும். ஒரு ஏக்கர் நெல்லுக்கோ ஒரு போகத்தில் இப்படிப் பல அடி வேண்டும். ஆகவே குளத்தில் இருப்பதற்கு ஏற்ப ஒரு பகுதியை மட்டும் விதைத்து, எல்லோரும் அதில் பங்கு வைத்துக்கொள்வது பழைய வழக்கம். சிங்கள அயலவர்கள் இதைப் பெத்ம என்பார்கள். நம் முன்னோர் கண்ட முறைகளில் இது நியாயமான ஒன்று. அதைக் குழப்பி மேலதிகமாக விதைத்துவிட்டு, பிறகு தண்ணீர் கேட்டு வீதியை மறிப்பது சரியென்று எனக்குப் படவில்லை.

குளத்தை ஆழமாக்கினால் கூடத் தண்ணீர் கிடைக்குமே? ஏன் அரசு செய்வதில்லை?

தூர் வாருவது நல்லது, ஆனால் நினைக்கிற அளவுக்கு நேரான கணக்கு அல்ல. துருசின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கும், மீன் வளரும், சுற்றுக் கிணறுகளில் ஊற்று ஏறும், அவ்வளவுதான். கட்டின் அடிவாரத்துக்குப் பக்கத்தில் தோண்டினால் கட்டே பலவீனமாகும். அதைவிட முக்கியமான ஒன்று: குளத்தின் அடியில் காலங்காலமாகப் படிந்த களிப்படை இருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டால் கீழே மணலோ உடைந்த பாறையோ வந்து, நின்ற தண்ணீரும் இறங்கிவிடும்.

ஆகவே தூர் வாரக் கேட்டு எழுதும்போது, அலைகரைப் பக்கத்திலும், தண்ணீர் உள்ளே வரும் வாய்ப்பகுதியிலும் சேர்ந்திருக்கும் மண்ணை அகற்றச் சொல்லிக் கேளுங்கள். முதலில் மட்டம் அளக்கச் சொல்லுங்கள். வாரிய மண் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். தூர் வாருவதாகச் சொல்லி மண்ணையும் கிரவலையும் ஏற்றி விற்பதே நோக்கமாகிவிடக் கூடாது.

குளக்கட்டு ஆபத்தில் இருப்பதை எப்படி அறிவது?

1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் உறக்கத்திலேயே அள்ளுண்டு போனார்கள். ஏப்ரல் மாதம் என்பதைக் கவனியுங்கள். வெள்ளக்காலத்தில் மட்டும்தான் கட்டு உடையும் என்று நினைத்திருந்தால் அது தவறு.

மண்கட்டில் பார்க்க வேண்டியவை: கட்டின் வெளிப்பக்க அடிவாரத்தில் புதிதாக ஈரம், அல்லது ஊற்றுப் போலக் கசிவு. கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கண்காணிக்கலாம். கலங்கி, மண்ணோடு வந்தால் கட்டுக்குள்ளே அரிக்கிறது என்று அர்த்தம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கட்டின் மேல் நீளவாக்கில் வெடிப்பு, ஒரு இடம் தாழ்ந்திருப்பது, முள்ளம்பன்றி வளைகள், கட்டிலேயே முளைத்துப் பெருத்த மரங்கள், இவையும் அறிகுறிகள். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், குளம் யாருடையதோ அந்தத் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கும் எடுங்கள். படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டினத்துக் குழாய்த்தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வராவிட்டால் என்ன செய்வது?

திருகோணமலைப் பட்டினத்துக் குழாய்களில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். சுத்திகரித்து விநியோகிப்பது தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை. அது 1974 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. ஆகவே தம்பலகாமத்து வயலும் உப்புவெளி வீட்டுக் குசினியும் ஒரே குளத்தில்தான் வாய் வைக்கின்றன. வரட்சியில் குடிதண்ணீருக்கே முதலிடம். கமக்காரர்களும் இதை எதிர்ப்பதில்லை. அவர்கள் கேட்பதெல்லாம், எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதை ஆரம்பக் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்பதுதான்.

குழாய் வெடிப்பு, கலங்கல் தண்ணீர், தண்ணீர் வராமை எதுவானாலும் 1939 க்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பில் திடீரென்று கூடினால், இரவு எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு மீற்றரின் எண்ணைக் குறித்து, விடிய மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் மீற்றருக்கு இந்தப் பக்கம், உங்கள் வளவுக்குள்தான் கசிவு.

கிராமப்புறங்களில் சில திட்டங்களை மக்களின் சமூக அமைப்புகளே நடத்துகின்றன. அங்கே 1939 அல்ல, அமைப்பின் தலைவரைத்தான் பிடிக்க வேண்டும்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கிணறு ஏன் உவர்க்கிறது?

கரையோர மணலுக்குள் நல்லதண்ணீர் ஒரு வில்லைபோல உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மழைநீர் இலேசு, கடல்நீர் பாரம், அதனால் கலக்காமல் நிற்கிறது. பொதுவான கணக்கு இது: கடல் மட்டத்துக்கு மேலே நல்லதண்ணீர் ஒரு அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்லதண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டரால் இறைத்து மேலே ஒரு அடியைக் குறைத்தால், கீழே இருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும்.

கும்புறுப்பிட்டியில் உறவினர் ஒருவரின் வெங்காயத் தோட்டத்தில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முன்பு பட்டையால் இறைத்த கிணறு, தை மாதம் பொங்கலுக்கு நல்ல தண்ணீர். இரண்டு அங்குல மோட்டர் பூட்டி விடிய விடிய இறைத்த வருடம், ஆடியில் வெங்காயத் தாளின் நுனி தீய்ந்தது. கிணற்றுக் கட்டில் தண்ணீர் தெறித்துக் காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பூச்சு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு.

2004 சுனாமிக்குப் பிறகும் இதே பாடம்தான். கடல் புகுந்த கிணறுகளைத் துப்புரவாக்குகிறோம் என்று அடிவரை இறைத்தபோது, கீழிருந்த உப்பும் ஏறியது. பிறகு மழைதான் மெல்ல மெல்லக் கழுவியது.

செய்யக்கூடியது: ஒரே ஆழக் கிணற்றில் வேகமாக இறைக்காமல், ஆழமில்லாத கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது. தூவல் நீர்ப்பாசனம் வைப்பது. குழாய்க்கிணறு தோண்டுமுன் நீர்வளச் சபையின் ஆலோசனையைப் பெறுவது. நிலத்தடி நீர் அவர்களின் துறை, 1964 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறார்கள். கடற்கரையில் விடுதிகள் பெருகும் இந்தக் காலத்தில், ஒவ்வொரு விடுதியும் எவ்வளவு நிலத்தடி நீர் எடுக்கிறது என்பதைப் பிரதேச செயலகம் கேட்டுப் பதிந்து வைக்க வேண்டும் என்று நான் திடமாக நம்புகிறேன். ஒரு வளவில் இறைத்தால் அடுத்த வளவில் உவர்க்கும். மணலுக்குள் வேலி கிடையாது.

உள்பகுதியில் எங்கள் கிணற்றுத்தண்ணீர் சவர்க்காரம் நுரைக்காது. குடிக்கலாமா?

கல்லுத்தன்மை கூடிய தண்ணீர். அதுமட்டுமென்றால் பெரிய கேடில்லை. ஆனால் பாறைப்பகுதிக் கிணறுகளில் புளோரைட்டும் கூடுதலாக இருக்கலாம், பதவிசிறிபுரப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயும் உண்டு. பார்த்துச் சொல்ல முடியாது, பரிசோதித்தே ஆக வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நீர்வழங்கல் சபையிடமோ கேளுங்கள். அதுவரை கூரை மழைநீரைத் தாங்கியில் பிடித்து, கொதிக்கவைத்துக் குடிப்பது நல்லது.

மூதூர், வெருகல் பக்கம் வெள்ளத்தை முன்கூட்டியே அறிய முடியுமா?

மகாவலி நாட்டின் மிக நீளமான ஆறு, 335 கிலோமீற்றர். அது கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது, ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிகிறது. மலையில் பெய்வதெல்லாம் கடைசியில் நம் வாசலுக்குத்தான் வரும். நம் வீட்டில் வெயிலடித்தாலும் வெள்ளம் வரலாம். மார்கழி, தை மாதங்களில் நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்ட அறிக்கையில் மன்னம்பிட்டியைப் பாருங்கள். அங்கே மட்டம் ஏறினால், கீழே இருக்கும் நாம் மாட்டையும் நெல்லையும் மேட்டுக்கு ஏற்ற வேண்டிய நேரம்.

சோமாவதிப் பக்கத்துச் சமவெளியில் வில்லு என்று சொல்லும் தாழ்நிலங்கள் உண்டு. வெள்ளத்தை உள்ளே வாங்கி மெதுவாக விடுவது அவைதான். அவற்றை நிரப்பி, மேடாக்கி விதைத்தால் அந்த வெள்ளம் நேரே ஊருக்குள் வரும்.

மாவிலாற்று மதகைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. அந்த மதகின் தண்ணீரில் மூன்று இனத்தவரும் விதைக்கிறார்கள். 2006 ஜூலையில் அது மூடப்பட்டது, அங்கிருந்து போர் மறுபடி மூண்டது. ஒரு மதகுக் கதவு ஒரு நாட்டின் போக்கையே மாற்றியதைக் கண்ட மாவட்டம் இது. தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றி இங்கே எல்லோரையும் ஒரே மண்டபத்தில் இருத்திப் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

காட்டுக்கும் எங்கள் குளத்துக்கும் என்ன சம்பந்தம்?

குளத்துக்கு மேலே இருக்கும் காட்டை வெட்டினால் முதல் வருடம் தண்ணீர் கூடத்தான் வரும். பார்த்தவர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அது மண்ணையும் கூட்டிக்கொண்டு வரும். சில வருடங்களில் குளத்தின் தலைப்பக்கம் மேடாகி, ஆற்றுவாழை படர்ந்து, வான் (மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் இடம்) சீக்கிரம் பாய்ந்து, பங்குனியிலேயே குளம் வற்றிவிடும். பாலையும் வீரையும் முதிரையும் நின்ற நிலம் மழையை உறிஞ்சி வைத்து மெல்ல விடும். வெட்டவெளி அப்படிச் செய்யாது.

குறை எங்கே என்றால், குளத்தைப் பழுதுபார்க்கும் திட்டத்தில் கட்டும் துருசும் வாய்க்காலும் இருக்கும், மேலே இருக்கும் நீரேந்து காடு இருக்காது. அது வேறு திணைக்களம், வேறு கோப்பு. குளப் புனரமைப்புக்கு எழுதும்போதே, நீரேந்து பரப்பின் எல்லையை அளந்து குறிக்கவும் அதில் மரம் நடவும் சேர்த்துக் கேளுங்கள்.

இடம்பெயர்ந்து திரும்பி வந்தோம். எங்கள் வயல் இப்போது காடு என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கேட்கும்போதே மனம் கனக்கும் கேள்வி. 1984 இல் இடம்பெயர்ந்த தென்னமரவாடியைப் போல, கால் நூற்றாண்டு ஆளில்லாமல் கிடந்த ஊர்களில் வயல் காடாகத்தான் வளர்ந்திருக்கும். அந்த மரங்களைக் காட்டி "இது வனம்" என்று சொல்வது, அந்த மக்களை இரண்டாம் முறை இடம்பெயர்க்கிறது. நான் காட்டைக் காக்க வேண்டும் என்பவன். ஆனால் மனிதர் உழுத காணியையும் என்றுமே காடாக இருந்ததையும் பிரித்துப் பார்க்க முடியும், பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் அது எந்த வகை என்று எழுத்தில் கேளுங்கள். வனச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் அறிவித்த ஒதுக்குக் காடா, வனசீவராசிகள் திணைக்களத்தின் சரணாலயமா, இல்லை இரண்டுமில்லாத ஏனைய அரச காடா? மூன்றாவது வகையை யார் ஆள்வது என்பதே சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறியிருக்கிறது. 2001 இல் ஒரு சுற்றறிக்கை அவற்றை வனத் திணைக்களத்திடம் கொடுத்தது, 2020 இல் இன்னொன்று பிரதேச செயலாளர் பக்கம் திருப்பியது. ஆகவே இன்றைய நிலையைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பிறகு சான்றுகள். உறுதி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தந்த பேர்மிற், ஏக்கர் வரி கட்டிய துண்டு, கமநல நிலையத்தின் காணி இடாப்பு, பழைய வாக்காளர் இடாப்பு, நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம். எல்லாம் போரில் போய்விட்டதென்றால், நிலத்திலேயே சான்று இருக்கும்: இடிந்த கிணறு, வரம்பு, தென்னை, புளியமரம், வீட்டு அத்திவாரம். கிராம உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டுபோய்ப் படமெடுங்கள். தனியாகப் போகாமல் ஊராகச் சேர்ந்து ஒரே கோவையாகக் கொடுங்கள். அதற்கு முன்னால் காட்டை வெட்டித் துப்புரவாக்காதீர்கள். வழக்கு உங்கள் மேல் வந்தால், காணிப் பிரச்சினை குற்றப் பிரச்சினையாகிவிடும்.

யானைவேலி போட்டும் யானை வருகிறதே?

வனத் திணைக்களத்தின் காட்டுக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் காட்டுக்கும் நடுவில் வேலி போட்டால், இரண்டு பக்கமும் யானைதான் நிற்கும். 2020 இல் தயாரித்த தேசியச் செயற்திட்டம் ஊரைச் சுற்றியும், போகக் காலத்தில் மட்டும் வயலைச் சுற்றியும் வேலி போடச் சொல்கிறது. அறுவடை முடிந்ததும் வயல்வேலியைக் கழற்றிவிட வேண்டும், யானை வந்து தாளடியை மேய்ந்துவிட்டுப் போகும். பராமரிப்பு ஊர் கையில். ஒவ்வொரு நாளும் கம்பியில் தொட்ட செடியை வெட்டாவிட்டால் மின்சாரம் நிற்காது.

என் வளவு மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா?

பலா, ஈரப்பலா, பெண்பனை என்றால் வேண்டும், பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வேறு மரங்களை ஏற்றிப் போகவும் அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம். லொறி பிடிக்குமுன் விசாரியுங்கள்.

ஆற்றில் மணல் அள்ளுவதை யார் கட்டுப்படுத்துகிறார்கள்?

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் அனுமதி தர வேண்டும். கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு இதுதான் சோறு, அதை மறக்கக் கூடாது. ஆனால் அளவு மீறினால் ஆற்றின் அடி தாழ்ந்து, கரை சரிந்து, மருதமரங்கள் வேரோடு விழுந்து, கடைசியில் உப்பு ஆற்றுக்குள் ஏறும். அனுமதிப்பத்திரத்தில் எந்த இடம், எத்தனை கியூப், எந்தத் திகதிவரை என்று இருக்கும். அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

வயல் தண்ணீருக்கும் காசு வாங்கப் போகிறார்களாமே?

அளந்து காசு வாங்கும் முறை நம் வயல்களில் இல்லை. 1984 இல் பெரிய குளங்களில் பராமரிப்புக் கட்டணம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், கட்டுவார் இல்லாமல் நின்றுபோனது. 2000 இல் தண்ணீர் எடுக்க அனுமதி பெறும் முறையோடு ஒரு தேசிய நீர்வளக் கொள்கை வந்தது. தண்ணீர் விற்பனைக்கு வழி என்று நாடு முழுக்கக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள், அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. கமக்காரர் அமைப்பின் சந்தா வேறு விஷயம். அது வாய்க்கால் துப்புரவுக்கு, தயவுசெய்து கட்டுங்கள்.

கந்தோரில் பதில் சொல்கிறார்களில்லை. வேறு வழி?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒவ்வொரு அரச கந்தோரிலும் ஒரு தகவல் உத்தியோகத்தர் இருக்கிறார். தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

ஏன், எதற்கு என்று கேட்டு நீளமாக எழுதாதீர்கள். கையில் கொடுக்கக்கூடிய கடதாசியைக் கேளுங்கள். நாங்கள் அந்தத் துருசுக்காக எழுதியது இதுதான்: "எமது கிராமக் குளத்தின் புனரமைப்பு மதிப்பீட்டின் பிரதி, ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும், ஒப்பந்தகாரருக்கு வேலை கையளித்த திகதி, வேலை முடிந்ததாகக் கையொப்பமிட்ட ஆவணத்தின் பிரதி." நாலு வரி. பன்னிரண்டாவது நாள் பதில் வந்தது, அடுத்த மாதம் புதிய இரும்புத்தண்டும் வந்தது.